நிறுத்து, தொடர்: சிறிய மெய்நிகர் இயந்திரத்தில் இரண்டு கட்டளைகளைச் சேர்க்கும் முழு வழி

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் சில மாணவர்களுடன் சேர்ந்து, திருகோணமலை உப்புவெளியில் மாலை வேளைகளில் ஒரு சிறிய நிரல்மொழியையும் அதன் கட்டளைகளை ஓட்டும் மெய்நிகர் இயந்திரத்தையும் (இயந்திரம்போல் நடக்கும் ஒரு நிரல்) கட்டி வருகிறேன். கட்டளைப் பெயர்கள் எல்லாம் தமிழில். கூட்டல், ஒப்பீடு, தாவல், செயல் அழைப்பு என ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கிய பிறகு ஒரு மாணவி கேட்டார்: "சேர், ஒரு செயலைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு, வேறு வேலை பார்த்துத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே ஓட வைக்க முடியுமா?"

முடியும். அப்படி நின்று தொடரும் செயலுக்குக் கோரூட்டீன் என்று பெயர். கணினியியலாளர் மெல்வின் கான்வே 1958-இல் இந்தச் சொல்லை உருவாக்கினார். 1963-இல் வெளியான கட்டுரையில், கோபோல் (COBOL) என்ற நிரல்மொழியின் தொகுப்பான் ஒன்றின் (எழுதிய நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் நிரல்) பகுதிகள் ஒன்றுக்கொன்று வேலையைக் கைமாற்றிக்கொண்டு ஒரே ஓட்டத்தில் மொழிபெயர்ப்பை முடிப்பதை விளக்கினார். இன்று லுவா, பைதான் என்று பல மொழிகளில் இந்த வசதி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

நாங்கள் மூன்று வாரம் செலவிட்டுக் கற்றதை இங்கே வரிசையாகத் தருகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிறுத்து, தொடர் ஆகிய இரண்டு கட்டளைகளும் சேர்ந்தே இருபது வரிக்குச் சற்று அதிகம்தான். உழைப்பு முழுவதும் அவற்றுக்கு முந்திய படியில் இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் செயலின் விவரங்கள் உங்கள் இயந்திரத்தின் கையில் இருக்கின்றனவா, அல்லது அந்த இயந்திரத்தை எழுதிய மொழியின் கையில் இருக்கின்றனவா? இதைச் சரிசெய்யாமல் மேலே போனால் எந்தக் குறுக்குவழியும் நிலைக்காது.

உங்களிடம் ஓர் அடுக்கு இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மதிப்புகளை அடுக்கில் இட்டு, மேலிருந்து எடுத்து, கணக்கிட்டு, விடையைத் திரும்ப அடுக்கில் வைக்கும் வகை. எங்களுடையது பைதானில் எழுதியது. நீங்கள் சி மொழியிலோ ஜாவாவிலோ எழுதியிருந்தாலும் படிகள் மாறாது.

முதற்படி: அழைப்பை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள்

பெரும்பாலோர் முதலில் எழுதும் இயந்திரம் இப்படித்தான் இருக்கும்:

ஓட்டு(செயல், உள்ளீடு):
    ஒவ்வொரு கட்டளைக்கும்:
        அழை எனில்:
            விடை = ஓட்டு(அழைத்த செயல், அதன் உள்ளீடு)
            அடுக்கில் இடு விடை
        திரும்பு எனில்:
            அடுக்கின் மேல் மதிப்புடன் வெளியேறு

ஓட்டு தன்னையே அழைக்கிறது. உங்கள் மொழியில் மூன்று செயல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அழைத்துக்கொண்டால், பைதானிலும் மூன்று ஓட்டு அழைப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். உள்ளே இருக்கும் செயல் எந்தக் கட்டளையில் நிற்கிறது, அதன் மாறிகள் என்ன என்பவை பைதானின் அழைப்பு அடுக்கில் கிடக்கின்றன. அந்தச் செயலை நிறுத்திவிட்டு அழைத்தவரிடம் போக வேண்டுமென்றால் ஓட்டு வெளியேற வேண்டும். வெளியேறிய கணமே அந்த விவரங்கள் அழிந்துவிடும். பைதானின் அழைப்பு ஆழத்துக்கு வழக்கமாக 1000 என்ற வரம்பு இருப்பதால், இந்த வடிவில் உங்கள் மொழியின் ஆழமான சுய அழைப்புகளும் தேவையில்லாமல் உடையும்.

ஆகவே ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு சட்டகத்தை நீங்களே உருவாக்குங்கள். அதில் மூன்று விவரங்கள் போதும்: எந்தச் செயல், அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் எண், உள் மாறிகள். சட்டகங்களை ஒரு பட்டியலில் வையுங்கள். அழை வந்தால் புதிய சட்டகம் பட்டியலின் முனையில் சேரும். திரும்பு வந்தால் முனைச் சட்டகம் நீங்கி, விடை அடுக்கில் ஏறும். ஓட்டு என்ற சுற்று ஒரே முறைதான் தொடங்கும், எப்போதும் முனைச் சட்டகத்தைப் பார்த்தே நடக்கும்.

பைதானில் எழுதுபவருக்கு இங்கே ஓர் ஆசை வரும். ஓட்டு செயலையே பைதான் ஜெனரேட்டராக (இடையில் மதிப்பைத் தந்து நின்று, பிறகு தொடரும் செயல்வகை) மாற்றிவிட்டால் நிறுத்தும் வேலையைப் பைதானே பார்த்துக்கொள்ளுமே என்று தோன்றும். எங்கள் குழுவில் ஒருவர் அதைச் செய்தும் காட்டினார், ஓடியது. ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. நிறுத்தும் கலையைக் கற்க வந்த இடத்தில் அதைக் கடன் வாங்கினால் கற்பதற்கு எதுவும் மிஞ்சாது. நாளை இயந்திரத்தைச் சி மொழிக்கு மாற்றினால் கடன் கொடுத்தவரும் இருக்கமாட்டார்.

இந்தப் படியை முடித்ததும் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் ஓட்டுங்கள். புதிய வசதி எதுவும் சேராததால் விடைகளில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

இரண்டாம் படி: அடுக்கைப் பிரியுங்கள்

சட்டகங்கள் கைக்கு வந்தபின், கணக்கு அடுக்கும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாமே என்று எண்ணத் தோன்றும். இந்த வரியைப் பாருங்கள்:

கூலி = 10 + நிறுத்து 3

இடப்பக்கத்து 10 முதலில் அடுக்கில் ஏறுகிறது. அடுத்து 3-ஐ வெளியே கொடுத்துவிட்டுச் செயல் நிற்கிறது. அந்த 10 அடுக்கிலேயே கிடக்கிறது. அழைத்தவர் அதே அடுக்கில் தன் கணக்கைத் தொடர்ந்தால், தனக்குச் சொந்தமில்லாத 10-ஐ எடுத்துக் கூட்டிவிடுவார். பிழைச் செய்தி வராது, விடை மட்டும் தவறாக வரும். இதைவிடக் கொடிய தவறு நிரலில் வேறில்லை.

இரண்டு வழிகள் உண்டு. நிற்கும்போது செயலுக்குரிய பகுதியை அடுக்கிலிருந்து வெட்டி எடுத்து வைத்து, தொடரும்போது திரும்ப ஒட்டலாம். அல்லது ஒவ்வொரு கோரூட்டீனுக்கும் தனி அடுக்கும் தனிச் சட்டகப் பட்டியலும் கொடுத்துவிடலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன், லுவா செய்வதும் அதுதான். ஒரு கோரூட்டீன் தனக்குள் வேறொரு செயலை அழைத்து, அந்த உள்செயல் நின்றாலும் முழுத் தொடரும் அப்படியே நிற்கும். பைதானின் ஜெனரேட்டர் ஒரே ஒரு சட்டகத்தை மட்டும் நிறுத்துகிறது. உள்ளே இன்னொரு ஜெனரேட்டர் தரும் மதிப்புகளை வெளியே கடத்துவதற்கென்றே 2012-இல் வந்த 3.3 பதிப்பில் தனித் தொடரமைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். தனி அடுக்கு கொடுத்தால் அந்தத் தேவையே எழாது. விலை நினைவகம்தான். ஆனால் அடுக்கைச் சிறிதாகத் தொடங்கி வேண்டியபோது வளர்க்கலாம். கோ மொழியில் ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் இலகு இழைகளும் (goroutine) சிறிய அடுக்குடன்தான் தொடங்குகின்றன.

மூன்றாம் படி: கோரூட்டீன் என்ற பொருள்

இதன் உறுப்புகள்:

கோரூட்டீன்:
    அடுக்கு
    சட்டகங்கள்
    நிலை
    அழைத்தவர்

நிலை ஐந்தில் ஒன்று: புதியது, ஓடுகிறது, நின்றது, காத்திருக்கிறது, முடிந்தது. நின்றது, காத்திருக்கிறது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிறுத்து கட்டளையால் தானே நின்றது ‘நின்றது’. இன்னொரு கோரூட்டீனைத் தொடரச் செய்துவிட்டு அதன் விடையை எதிர்பார்த்திருப்பது ‘காத்திருக்கிறது’. முதல் வகையை யாரும் தொடரலாம், இரண்டாவதைத் தொடரக் கூடாது. தொடர அனுமதித்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் அழைத்தவராக மாறி, திரும்பும் பாதை வட்டமாகிவிடும்.

முதன்மை நிரலையும் ஒரு கோரூட்டீனாகவே வையுங்கள். அதற்கு அழைத்தவர் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. இயந்திரம் எப்போதும் ‘நடப்பு’ என்ற ஒரு மாறியில் இப்போது ஓடும் கோரூட்டீனை வைத்திருக்கும்.

நான்காம் படி: கட்டளைகளை எழுதுங்கள்

உண்மையில் மூன்று கட்டளைகள் தேவை. உருவாக்கு கட்டளை அடுக்கிலிருந்து ஒரு செயலை எடுத்து, புதிய கோரூட்டீனுக்குள் அதற்கொரு சட்டகம் வைத்து, கட்டளை எண்ணைப் பூச்சியமாக்கி, கோரூட்டீனை அடுக்கில் இடும். எதையும் ஓட்டாது. அந்தச் செயல் ஓர் உள்ளீடு பெறுவதாக இருக்கட்டும்.

தொடர் எனில்:
    மதிப்பு = நடப்பு அடுக்கிலிருந்து எடு
    இலக்கு = நடப்பு அடுக்கிலிருந்து எடு
    இலக்கு கோரூட்டீன் இல்லையெனில் பிழை
    இலக்கின் நிலை புதியது அல்லது நின்றது இல்லையெனில் பிழை
    இலக்கின் அழைத்தவர் = நடப்பு
    நடப்பின் நிலை = காத்திருக்கிறது
    இலக்கின் நிலை புதியது எனில்:
        சட்டகத்தின் முதல் மாறி = மதிப்பு
    இல்லையேல்:
        இலக்கின் அடுக்கில் இடு மதிப்பு
    இலக்கின் நிலை = ஓடுகிறது
    நடப்பு = இலக்கு

நிறுத்து எனில்:
    நடப்புக்கு அழைத்தவர் இல்லையெனில் பிழை
    மதிப்பு = நடப்பு அடுக்கிலிருந்து எடு
    மேல் = நடப்பின் அழைத்தவர்
    நடப்பின் அழைத்தவர் = இன்மை
    நடப்பின் நிலை = நின்றது
    மேலின் அடுக்கில் இடு மதிப்பு
    மேலின் நிலை = ஓடுகிறது
    நடப்பு = மேல்

இவ்வளவுதான். (இன்மை என்பது மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான குறி.) எந்தச் செயலும் வெளியேறவில்லை, எதுவும் நகலெடுக்கப்படவில்லை. ‘நடப்பு’ என்ற ஒரு மாறி மட்டும் மாறியது. சுற்றின் அடுத்த நடையில் இயந்திரம் வேறொரு சட்டகத்தைக் காண்கிறது, அதிலிருந்து தொடர்கிறது.

தொடர் கட்டளையில் மதிப்பு இரண்டு இடங்களுக்குப் போவதைக் கவனியுங்கள். இந்த இடத்தில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறினார்கள். நான் கரைவலையைக் காட்டி விளக்கினேன். வலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டின் ஓர் அடியைப் பாடி நிறுத்துவார், கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் பதில் பாடுவார்கள், அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அவர் அடுத்த அடிக்குப் போவார். அவர் நிறுத்தியபோது கொடுத்தது ஓர் அடி, தொடரும்போது பெற்றது கூட்டத்தின் பதில். நிறுத்து கட்டளையும் இப்படியே ஒரு மதிப்பைக் கொடுத்து ஒரு மதிப்பைப் பெறுகிறது. அடுத்த தொடருடன் வந்த மதிப்பே அதன் விடை. ஆகவே 10 + நிறுத்து 3 என்ற வரியை 5 கொடுத்துத் தொடர்ந்தால் கூலி 15 ஆகும். ஆனால் முதல் தொடரின்போது பதிலை வாங்கிக்கொள்ள எந்த நிறுத்தும் காத்திருக்கவில்லை, பாட்டே இன்னும் தொடங்கவில்லை. அந்த மதிப்பை அடுக்கில் இட்டால் உரிமையாளர் இல்லாத பண்டமாக அங்கேயே கிடக்கும். அதனால்தான் அது உள்ளீடாகிறது. பைதான் வேறு வழியில் போனது: புதிய ஜெனரேட்டருக்கு முதல் முறையே இன்மையைத் தவிர வேறு மதிப்பு அனுப்பினால் பிழை எழுப்பும்.

அடுத்து, திரும்பு கட்டளையைத் திருத்த வேண்டும். முனைச் சட்டகம் நீங்கியபின் பட்டியல் காலியானால் அந்தக் கோரூட்டீன் முடிந்தது என்று குறித்து, விடையை அழைத்தவரின் அடுக்கில் இட்டு, நடப்பை அவரிடம் மாற்றுங்கள். அழைத்தவர் இல்லையென்றால் அது முதன்மை நிரல், இயந்திரம் நிற்கலாம்.

ஐந்தாம் படி: கையால் ஓட்டிப் பாருங்கள்

எங்கள் சோதனை நிரல் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். அங்கே போனவர்களுக்குத் தெரியும், ஒரு கிணற்றில் நீர் அள்ளி ஊற்றிக்கொண்டு, சற்று நின்று, அடுத்ததற்குப் போவார்கள். நிரலும் ஒவ்வொரு முறை தொடரும்போதும் அடுத்த கிணற்றின் எண்ணைத் தந்து நிற்கும். இங்கே எடு ஒரு மாறியின் மதிப்பை அடுக்கில் இடும், வை அடுக்கின் மேல் மதிப்பை மாறிக்குள் வைக்கும், மிகாதா முதல் மதிப்பு இரண்டாவதை மிகாமல் இருக்கிறதா என்று பார்க்கும், விடு மேல் மதிப்பைத் தள்ளிவிடும்:

0 எடு தொடக்கம்
1 வை எண்
2 எடு எண்
3 மாறிலி 7
4 மிகாதா
5 பொய்யெனில்_தாவு 14
6 எடு எண்
7 நிறுத்து
8 விடு
9 எடு எண்
10 மாறிலி 1
11 கூட்டு
12 வை எண்
13 தாவு 2
14 மாறிலி இன்மை
15 திரும்பு

1 என்ற மதிப்புடன் முதல் தொடர். தொடக்கம் 1, எண் 1, ஒப்பீடு உண்மை, 6-ஆம் கட்டளை 1-ஐ அடுக்கில் வைக்கிறது, 7-ஆம் கட்டளை அதை அழைத்தவரிடம் கொடுத்து நிற்கிறது. இப்போது சட்டகத்தைத் திறந்து பாருங்கள். எண் 1, அடுக்கு காலி, கட்டளை எண் 8 என்று இருக்க வேண்டும்.

இந்த 8-ஐ அழுத்திச் சொல்கிறேன். கட்டளையைப் படித்தவுடனேயே எண்ணை ஒன்று கூட்டிவிட வேண்டும், நிறைவேற்றிய பிறகு கூட்டக் கூடாது. எங்கள் முதல் வடிவில் அழை, தொடர் இரண்டும் தம் எண்ணைத் தாமே கூட்டிக்கொண்டன, நிறுத்து உட்பட மற்றவற்றுக்குச் சுற்றின் கடைசி வரியில் கூட்டினோம். நிறுத்து ஓடியபோது அந்த வரியை அடையும் முன்பே ‘நடப்பு’ மாறியிருந்ததால், கூட்டியது வேறொருவரின் சட்டகத்தில் போய்ச் சேர்ந்தது. கோரூட்டீன் 7-இலேயே நின்றது. தொடர்ந்தபோது நிறுத்து மறுபடி ஓடி, அனுப்பிய மதிப்பையே திருப்பித் தந்தது. அழைத்த நிரலோ ஒரு கட்டளையைத் தாண்டிக் குதித்தது. ஒரு மாலை முழுவதும் இதைத் தேடினோம்.

இதே குடும்பத்துத் தவறு இன்னொன்று. வேகத்துக்காகக் கட்டளை எண்ணையும் அடுக்கையும் சுற்றின் சொந்த மாறிகளில் எடுத்து வைத்திருப்பவர்கள், நடப்பு மாறும் முன் அவற்றைச் சட்டகத்தில் எழுதிவிட்டு, மாறியபின் புதிய சட்டகத்திலிருந்து மீண்டும் எடுக்க வேண்டும். அழை, திரும்பு, தொடர், நிறுத்து ஆகிய நான்கிலும் இது நடக்க வேண்டும்.

8-ஆம் இடத்தில் விடு ஏன்? நிறுத்து எப்போதும் ஒரு விடையை அடுக்கில் பெறும். நிரல் அதைப் பயன்படுத்தாவிட்டால் தள்ளிவிட வேண்டும். மறந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அடுக்கு ஒரு படி வளரும்.

ஏழு முறை தொடர்ந்தால் 1 முதல் 7 வரை வரும். எட்டாவது தொடர் 14-க்குத் தாவி இன்மையைத் திருப்பி, நிலையை முடிந்தது ஆக்கும். ஒன்பதாவது பிழை. எட்டாவதில் வந்த இன்மை நிறுத்து தந்ததா, திரும்பு தந்ததா என்பதை மதிப்பை வைத்து மட்டும் அறிய முடியாது. அதனால் நிலையைக் கேட்டறிய ஓர் உள்ளமைந்த செயலையும் கொடுங்கள்.

ஆறாம் படி: பிழைகள்

கோரூட்டீனுக்குள் பிழை எழுந்து அங்கே யாரும் பிடிக்கவில்லை என்றால், அதன் சட்டகங்களைக் காலிசெய்து, முடிந்தது என்று குறித்து, அழைத்தவர் நின்றிருக்கும் தொடர் கட்டளையில் அதே பிழையை எழுப்புங்கள். பிழை அறிக்கையைச் சட்டகங்களை அழிக்கும் முன்பே சேகரித்துவிடுங்கள். பிழை பிடிப்பான்களின் பட்டியல் இயந்திரத்துக்குப் பொதுவாக இருந்தால் அதையும் கோரூட்டீனுக்குள் நகர்த்துங்கள். இல்லையேல் நின்றுபோன ஒருவரின் பிடிப்பான், ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் பிழையைப் பிடித்துக்கொள்ளும்.

ஏழாம் படி: உள்ளமைந்த செயல்களின் சுவர்

வரிசைப்படுத்து என்று ஓர் உள்ளமைந்த செயல் இருக்கிறது, அது பைதானில் எழுதப்பட்டது, ஒப்பிடுவதற்கு உங்கள் மொழியின் செயலொன்றை அழைக்கிறது என்று வையுங்கள். அந்த ஒப்பீட்டுச் செயலுக்குள் நிறுத்து வந்தால்? நடுவில் பைதானின் சட்டகம் ஒன்று நிற்கிறது, அதை நாம் நிறுத்த முடியாது. முதற்படியில் வெளியேற்றிய சிக்கல் பின்கதவால் வருகிறது. லுவாவிலும் இந்தச் சுவர் உண்டு, சி அழைப்பைக் கடந்து நிறுத்த முயன்றால் பிழை எழுப்பும். 2011-இல் வந்த 5.2 பதிப்பில்தான், தொடரும்போது எந்தச் சி செயலுக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வழியைச் சேர்த்தார்கள்.

சிறிய இயந்திரத்துக்கு அவ்வளவு வேண்டாம். உள்ளமைந்த செயல் உங்கள் மொழிச் செயலை அழைக்கும்போது ஓர் எண்ணியை ஒன்று கூட்டுங்கள், முடிந்ததும் குறையுங்கள். கோரூட்டீனைத் தொடரும்போது அப்போதைய எண்ணைக் குறித்துவைத்து, நிற்கும்போது ஒப்பிடுங்கள். வேறுபட்டால் தெளிவான பிழைச் செய்தி கொடுங்கள். வரிசைப்படுத்து போன்ற ஓரிரண்டை உங்கள் மொழியிலேயே திரும்ப எழுதிவிட்டால் சுவரும் அவற்றுக்கு இல்லை. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சி மொழியில் எழுதுபவர்களுக்கு மட்டும் இரண்டு குறிப்புகள். உங்கள் குப்பை சேகரிப்பான் (பயன்படாத நினைவகத்தை மீட்கும் பகுதி), நின்றிருக்கும் கோரூட்டீன்களின் அடுக்கு, சட்டகங்கள், அழைத்தவர் மூன்றையும் தொட்டுச் செல்ல வேண்டும். அடுக்கு வளரும்போது நினைவகத்தில் இடம் மாறலாம், ஆகவே அடுக்கிலுள்ள மாறிகளை முகவரியால் பிடித்து வைக்காமல் வரிசை எண்ணால் பிடித்து வையுங்கள். பைதானில் இவ்விரண்டு கவலையும் இல்லை.

எட்டாம் படி: சோதனைகள்

ஏழு கிணறுகள் முதல் சோதனை. அதே செயலில் இரண்டு கோரூட்டீன்களை உருவாக்கி மாறிமாறித் தொடர்வது இரண்டாவது. 1, 1, 2, 2, 3, 3 என்று வர வேண்டும், 1, 2, 3, 4 என்று வந்தால் சட்டகம் எங்கோ பகிரப்படுகிறது. 10 + நிறுத்து 3 மூன்றாவது. உள்செயல் ஒன்றின் ஆழத்திலிருந்து நிற்பது நான்காவது, இங்கே மூன்று அழைப்புக்குக் கீழே போய் நின்று பாருங்கள். முடிந்ததைத் தொடர்வது, தன்னைத்தானே தொடர்வது, முதன்மை நிரலில் நிறுத்துவது ஆகிய மூன்றும் சரியான பிழை தருகின்றனவா என்பது ஐந்தாவது. கடைசியாக, ஒரு லட்சம் கோரூட்டீன்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும் தொடர்ந்து, கைவிட்டுவிட்டு நினைவகம் ஏறுகிறதா என்று பாருங்கள். நிறுத்து கட்டளையில் அழைத்தவரை இன்மையாக்கும் வரியை விட்டவர்களுக்கு, ஒரு கோரூட்டீனை வைத்திருக்கும்வரை அதை எப்போதோ அழைத்த பழைய கோரூட்டீன்களும் வெளியேறாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

இவை எல்லாவற்றையும் மேலே கிணறுகளுக்குச் செய்ததுபோல் கட்டளை எண்களுடன் கையால் எழுதுங்கள். தவறு வந்தால் அது இயந்திரத்தின் தவறு என்று உறுதியாகத் தெரியும். அவை அனைத்தும் சரியாக ஓடிய பிறகே தொகுப்பானைத் திறந்து, உங்கள் மொழியின் இலக்கணத்தில் நிறுத்து என்ற சொல்லைச் சேருங்கள்.